இரண்டு பிக்சல் கோடு: என்ப்ராக்ரஸ் லைப்ரரி குறித்து ஒரு மதிப்புரை

சாதாரண இணையப் பக்கம் ஒன்றில் ஓர் இணைப்பைச் சொடுக்கினால், அடுத்த பக்கம் வந்து சேரும் வரை ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதை உலாவியே தன் தாவலில் சுழலும் சிறு வட்டத்தால் காட்டிவிடும். ஒற்றைப் பக்கச் செயலிகள் பெருகிய பிறகு இந்த வசதி சத்தமில்லாமல் கைநழுவியது. பக்கம் மாறாமல், ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பின்னணியில் தரவைக் கேட்டு வாங்கும்போது உலாவி அந்த வட்டத்தைச் சுழற்றுவதில்லை. பயனர் பொத்தானை அழுத்துகிறார். திரையில் எதுவும் அசையவில்லை. அழுத்தியது பதியவில்லையோ என்று மீண்டும் அழுத்துகிறார். உலாவி செய்துவந்த வேலை செயலியை எழுதுபவரின் தலையில் விழுந்தது. அந்த வேலைக்கென எழுதப்பட்ட லைப்ரரிகளில் (செயலியில் அப்படியே சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆயத்த நிரல்களில்) மிகப் பரவலாக அறியப்பட்டவற்றுள் ஒன்று என்ப்ராக்ரஸ்.

ரிகோ ஸ்டா. குரூஸ் இதை 2013இல் வெளியிட்டார். யூடியூபில் ஒரு காணொளியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது திரையின் உச்சியில் இடமிருந்து வலமாக ஓடிய மெல்லிய சிவப்புக் கோடு பலருக்கு நினைவிருக்கும். அதையும் மீடியம் தளத்தில் இருந்த அதுபோன்ற கோட்டையும் பார்த்து உருவானது என்று லைப்ரரியின் அறிமுகக் குறிப்பே சொல்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. வேறு எந்த லைப்ரரியையும் சார்ந்திருக்கவில்லை. ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, தோற்றத்தை வகுக்கும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, அவ்வளவுதான். பக்கம் விட்டுப் பக்கம் தாவும் நேரத்தில், சில நொடிக்குள் முடிந்துவிடும் காத்திருப்புக்கு, இதைவிட எளிதாகவும் உறுத்தாமலும் ஒரு குறிகாட்டியைப் பொருத்துவது கடினம் என்பது என் கணிப்பு. அந்த எல்லையைத் தாண்டி, கோப்பு பதிவேற்றத்துக்கும் நீண்ட அறிக்கை தயாரிப்புக்கும் இதையே பயன்படுத்துபவர்கள் பயனருக்குத் தவறான தகவலைத் தருகிறார்கள் என்பதும் என் கணிப்புதான். இரண்டுக்கும் காரணம் இந்த லைப்ரரியின் உள்ளே இருக்கும் ஒரே விஷயம்: அந்தக் கோடு எதையும் அளப்பதில்லை.

பயன்படுத்துவதில் சிரமமே இல்லை. வேலை தொடங்கும்போது 'ஸ்டார்ட்', முடிந்ததும் 'டன்' என இரண்டு ஃபங்ஷன்களை அழைத்தால் போதும். குறிப்பிட்ட இடத்தில் கோட்டை நிறுத்த 'செட்', சற்றே முன்னே தள்ள 'இங்க்' என மேலும் இரண்டு இருக்கின்றன. கோட்டின் உயரம் 2 பிக்சல், நிறம் நீலம், அதன் முனையில் ஒளிர்வது போன்ற ஒரு சாய்வு, வலது மேல் மூலையில் ஸ்பின்னர் எனப்படும் சுழலும் சிறு வட்டம். ஸ்பின்னர் வேண்டாமென்றால் ஓர் அமைப்பை மாற்றி அணைத்துவிடலாம்; நான் பார்த்த செயலிகளில் நன்றாக இருந்தவை பெரும்பாலும் அதை அணைத்தவையே. நிறத்தை மாற்றுவதற்குத் தனி அமைப்பு எதுவும் இல்லை. சிஎஸ்எஸ் கோப்பில்தான் கைவைக்க வேண்டும். அது குறையாகத் தோன்றவில்லை.

இனி அந்தக் கோடு எப்படி நகர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 'ஸ்டார்ட்' அழைக்கப்பட்டதும் கோடு பூஜ்ஜியத்தில் நிற்பதில்லை. 8 சதவீதத்துக்குத் தாவிவிடுகிறது. அதற்குக் கீழான எண்ணை நாம் கொடுத்தாலும் லைப்ரரி அதை 8 என்றே எடுத்துக்கொள்ளும். பயனர் சொடுக்கிய கணமே கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது நடக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதன்பிறகு, பரவலாகப் புழங்கும் 0.2.0 பதிப்பில், 800 மில்லிநொடிக்கு ஒருமுறை, 0 முதல் 2 சதவீதத்துக்குள் ஒரு ரேண்டம் எண்ணை லைப்ரரி தானாகவே கூட்டிக்கொண்டே போகிறது. 99.4 சதவீதத்தைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். 'டன்' அழைக்கப்பட்டதும் 30 முதல் 80 சதவீதப் புள்ளிகள் வரை ஒரே தாவலாகத் தாவி, உடனே முழுவதும் நிறைந்து, மங்கி மறைகிறது. இந்த எண்களில் எதுவும் சர்வரிடமிருந்து வருவதில்லை. எத்தனை பைட் வந்தது, இன்னும் எத்தனை மீதமிருக்கிறது என்பது லைப்ரரிக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளைவு புரியும். ஒரு கூட்டலுக்குச் சராசரியாக 1 சதவீதம் என்று கொண்டால், பத்து நொடி ஆன பிறகும் கோடு ஏறத்தாழ 20 சதவீதத்திலேயே இருக்கும், 99.4ஐத் தொட ஒரு நிமிடத்துக்கும் சற்று மேலாகும். ஆகவே பன்னிரண்டு நொடியில் பதில் தரும் ஓர் ஏபிஐயை (தரவு கேட்டால் பதில் தரும் சர்வர் இடைமுகத்தை) இதனுடன் இணைத்தால், பயனர் கண்ணுக்கு வேலை ஐந்தில் ஒரு பங்குதான் முடிந்ததுபோல் தோன்றி, திடீரென்று முழுவதும் முடிந்துவிடும். மூல நிரலில் பின்னர் இந்தக் கணக்கு மாற்றப்பட்டு, தொடக்கத்தில் பெரிய அடியாகவும் முடிவை நெருங்க நெருங்கச் சிறு அடியாகவும் கோடு நகரும்படி படிநிலைகள் வைக்கப்பட்டன. அதில் வேறொரு சங்கடம்: சில நொடிகளிலேயே கோடு முக்கால் தூரத்தைக் கடந்துவிடுகிறது, எஞ்சிய கால் பகுதியில் நத்தையாக ஊர்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், குறுகிய காத்திருப்புக்கு இரண்டாவதே மேல் என்பேன். நீண்ட காத்திருப்புக்கு இரண்டுமே உதவாது.

அப்படியானால் இந்தப் போலி முன்னேற்றத்தை ஏற்பது சரியா என்ற கேள்வி எழும். காத்திருப்பின் நீளத்தைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். ராபர்ட் மில்லர் 1968இல் கணினியின் பதில் நேரம் குறித்து எழுதிய ஆய்வின் வழிவந்து, ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இத்துறையில் இன்றும் கைக்கொள்ளப்படுகின்றன. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் அது உடனடியாக நடந்ததாகவே மனம் கொள்கிறது. 1 நொடி வரை தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடுவதில்லை. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. இந்த 1 நொடிக்கும் 10 நொடிக்கும் இடைப்பட்ட காலத்தில் பயனருக்குத் தேவைப்படுவது வேலை நடக்கிறது என்ற உறுதி மட்டுமே. எத்தனை சதவீதம் என்பதை அந்த நேரத்துக்குள் யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அந்த உறுதியை என்ப்ராக்ரஸ் நன்றாகவே தருகிறது. 10 நொடியைத் தாண்டும் வேலைக்கு நிலைமை வேறு. பயனர் தேநீர் குடித்துவிட்டு வரலாமா, இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று முடிவெடுப்பதே அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். பிராட் மயர்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட வேலைகளின்போது எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் குறிகாட்டியைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்று கண்டறிந்தார். அவர்கள் விரும்புவது அந்த எண்ணை நம்புவதால்தான். அந்த இடத்தில் ரேண்டம் எண்ணை வைத்து ஓட்டுவது நியாயமாகாது.

பதிவேற்றத்துக்கு இதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. 'ஸ்டார்ட்' அழைக்காமல், நம் கணக்கிலிருந்து வரும் எண்ணை 'செட்' வழியாக மட்டும் கொடுக்க வேண்டும். 'ஸ்டார்ட்' அழைத்துவிட்டால் தானாகக் கூட்டும் சுழல் பின்னணியில் ஓடி, நாம் கொடுக்கும் உண்மையான எண்ணின் மேல் தன் ரேண்டம் எண்ணையும் சேர்த்துக்கொண்டிருக்கும். உண்மையான எண்ணைப் பெறுவதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உலாவியின் பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் இடைமுகம், அனுப்பப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையைப் பதிவேற்றத்தின்போதே சொல்லிக்கொண்டிருக்கும். புதிய ஃபெட்ச் இடைமுகத்தில் பதிவேற்றத்துக்கு அத்தகைய நிகழ்வு இல்லை. கோரிக்கைகளை அனுப்ப உதவும் ஆக்சியோஸ் போன்ற லைப்ரரிகள் உலாவியில் பழைய இடைமுகத்தின் மேல் எழுதப்பட்டவை என்பதால் அவற்றில் அந்த வசதி கிடைக்கிறது.

பதிவிறக்கத்தில் இன்னொரு குழி இருக்கிறது. ஃபெட்ச் வழியாக வரும் பதிலைத் துண்டு துண்டாகப் படித்து, பதிலோடு சர்வர் அனுப்பும் கன்டென்ட்-லெங்த் தலைப்பில் உள்ள மொத்த அளவால் வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும் என்றே தோன்றும். சர்வர் பதிலை ஜிஸிப் முறையில் சுருக்கி அனுப்பினால் அந்தத் தலைப்பில் இருப்பது சுருக்கப்பட்ட அளவு. நம் கைக்கு வரும் துண்டுகளோ விரிக்கப்பட்டவை. முடிவில் முன்னேற்றம் 300 சதவீதத்தைத் தாண்டிப் போவதைப் பார்க்க நேரும். என்ப்ராக்ரஸ் 1க்கு (அதாவது 100 சதவீதத்துக்கு) மேற்பட்ட எண்ணை 1 என்றே எடுத்துக்கொண்டு கோட்டை முடித்துவிடும் என்பதால், தரவு இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே குறிகாட்டி மறைந்துபோகும். பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

பதிவேற்றத்திலும் 100 சதவீதம் என்பது பைட்டுகள் போய்ச் சேர்ந்ததைத்தான் குறிக்கும். அதன்பிறகு சர்வர் படத்தின் அளவைக் குறைக்கலாம், வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கலாம், தரவுத்தளத்தில் எழுதலாம். அந்த நேரத்தில் நிறைந்த கோடு ஒன்று அசையாமல் நிற்பதைவிட, "செயலாக்கம் நடக்கிறது" என்று எழுத்தில் சொல்வது எவ்வளவோ மேல்.

லைப்ரரியின் மீது எனக்குள்ள உண்மையான குறை இனிமேல்தான். எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்பதே ஏற்றக் குறிகாட்டியில் கடினமான பகுதி. என்ப்ராக்ரஸ் அதை முழுவதும் நம்மிடமே விட்டுவிடுகிறது.

முதலாவது, தாமதம். 'ஸ்டார்ட்' அழைத்த உடனேயே கோடு தோன்றிவிடுகிறது. சர்வர் 60 மில்லிநொடியில் பதில் தந்தாலும், தோன்றி, ஓடி, நிறைந்து, மங்கி மறைவதற்கு மேலும் சில நூறு மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. தரவு திரையில் வந்த பிறகும் உச்சியில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் இப்படி மினுக்கும் செயலி, உண்மையில் வேகமாக இருந்தாலும், மெதுவாக இருப்பதுபோன்ற எண்ணத்தையே ஏற்படுத்துகிறது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையச் செயலி ஃபிரேம்வொர்க்கின் உலகில் புழங்கும் டர்போ லைப்ரரி தனக்கென ஒரு முன்னேற்றப் பட்டையை வைத்திருக்கிறது. அது 500 மில்லிநொடி காத்திருந்து, அதற்குள் பக்கம் வராவிட்டால் மட்டுமே தலைகாட்டும். அந்த எண்ணை மாற்றவும் முடியும். என்ப்ராக்ரஸில் இத்தகைய அமைப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லாததால், 'ஸ்டார்ட்' அழைப்பை ஒரு டைமருக்குள் வைத்து, 200 அல்லது 250 மில்லிநொடிக்குள் பதில் வந்துவிட்டால் அந்த டைமரையே ரத்துசெய்துவிடும்படி நாமே எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள். ஒரு டாஷ்போர்டு பக்கம் திறக்கும்போது பயனர் விவரம், அறிவிப்புகள், வரைபடத்துக்கான தரவு என்று மூன்று நான்கு கோரிக்கைகள் சேர்ந்தே போகும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'ஸ்டார்ட்', முடிவில் 'டன்' என்று எழுதினால், முதலில் முடியும் கோரிக்கை கோட்டை மூடிவிடும். மற்றவை கோடு இல்லாமலே காத்திருக்கும். இது பலருக்கும் தெரிந்த சிக்கல். மூல நிரலைப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. 'ஸ்டார்ட்' அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல், தானாகக் கூட்டும் சுழல் ஒன்று புதிதாகத் தொடங்கிவிடுகிறது. நான்கு முறை அழைத்தால் நான்கு சுழல்கள். கோடு நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். 'டன்' அழைத்த பிறகும் பழைய சுழல் அடுத்த முறை விழித்துப் பார்க்கும் வரை உயிரோடுதான் இருக்கும். அந்த இடைவெளிக்குள் மறுபடி 'ஸ்டார்ட்' வந்துவிட்டால் அதுவும் சேர்ந்து ஓடத் தொடங்கும். மெனுவில் வேகமாக மாற்றி மாற்றிச் சொடுக்கும் பயனருக்குக் கோடு ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை பாய்ந்தும் ஓடுவதன் காரணம் இதுதான்.

மருந்து எளியது. நடப்பிலுள்ள கோரிக்கைகளை எண்ணும் ஒரு மாறியை வைத்துக்கொண்டு, அது பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாகும்போது மட்டும் 'ஸ்டார்ட்', மீண்டும் பூஜ்ஜியமாகும்போது மட்டும் 'டன்' என்று அழைக்க வேண்டும். கோரிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தின் வழியாகப் போகும்படி செயலி எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு கோரிக்கையையும் பதிலையும் இடைமறிக்கும் ஆக்சியோஸின் இன்டர்செப்டர்போல ஓரிடத்தில் இதைப் பொருத்திவிடலாம். பயனர் கேட்காமலே பின்னணியில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதிய அறிவிப்பு உண்டா என்று பார்க்கும் கோரிக்கைகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், யாரும் எதையும் தொடாதபோதே உச்சியில் கோடு ஓடும்.

மூன்றாவது, பிழை. கோரிக்கை தோற்றுப்போனால் 'டன்' அழைப்பதற்கு யாருமில்லாமல் கோடு நகர்ந்துகொண்டே இருப்பதுதான் ஏற்றக் குறிகாட்டிகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஜாவாஸ்கிரிப்ட்டின் 2018ஆம் ஆண்டுத் தரநிலையில் பின்னர் வரவிருக்கும் பதிலைக் குறிக்கும் பிராமிஸுக்கு, வென்றாலும் தோற்றாலும் ஓடும் 'ஃபைனலி' வந்த பிறகு இதற்குச் சாக்கே கிடையாது. எண்ணிக்கையைக் குறைக்கும் வரி அங்கேதான் இருக்க வேண்டும். இடையில் ரத்துசெய்யப்படும் கோரிக்கைகளும் அதே வழியில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் தோல்வியிலும் 'டன்' அழைத்தால் கோடு முழுவதும் நிறைந்து, வெற்றி பெற்றதுபோலவே மறையும். தோல்வியைச் சிவப்பில் காட்டவோ பாதியில் நிறுத்தி மறைக்கவோ லைப்ரரியில் வழி இல்லை. 'ரிமூவ்' என்ற ஃபங்ஷன் கோட்டைப் பக்கத்திலிருந்து அகற்றும், ஆனால் உள்ளே இருக்கும் நிலையை அழிக்காது. ஆகவே பிழைச் செய்தியை நாம்தான் வேறிடத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும்.

அணுகல்தன்மையில், அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருப்பதில், என்ப்ராக்ரஸ் பின்தங்கியே இருக்கிறது. கோட்டுக்கான ஹெச்டிஎம்எல் உறுப்பில் ரோல் என்ற பண்புக்கு 'பார்' என்றும், ஸ்பின்னருக்கு 'ஸ்பின்னர்' என்றும் மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தின் உறுப்புகள் என்னவென்று உதவிக் கருவிகளுக்குச் சொல்லும் அரியா தரநிலையில் இவ்விரண்டும் இல்லை. அங்கே உள்ளது 'ப்ராக்ரஸ்பார்'. லைப்ரரி தன் சொந்த உறுப்பைத் தேடிக் கண்டுபிடிக்க இந்தப் பண்பை ஒரு அடையாளமாகப் பயன்படுத்திக்கொண்டதாகவே தெரிகிறது. விளைவாக, திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்கு இந்தக் கோடு இருப்பதே தெரியாது. வார்ப்புருவையும் தேடும் முறையையும் அமைப்புகள் மூலம் மாற்றலாம் என்பதால் 'ப்ராக்ரஸ்பார்' என்று திருத்திவிட முடியும். ஆனால் ரேண்டமாக ஏறும் எண்ணை வாசித்துக்காட்டுவதால் யாருக்கும் பயனில்லை. அதைவிட, பக்கம் திறக்கும்போதே 'ஸ்டேட்டஸ்' என்ற ரோல் உள்ள வெற்று உறுப்பு ஒன்றை வைத்திருந்து, காத்திருப்பு நீண்டால் அதில் "பட்டியல் வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதி, முடிந்ததும் "24 பதிவுகள் கிடைத்தன" என்று மாற்றுவதே நல்லது. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல்தன்மை வழிகாட்டியின் 4.1.3ஆம் விதி, நிலைச் செய்திகள் கவனக்குவியத்தை மாற்றாமலே உதவிக் கருவிகளைச் சென்றடைய வேண்டும் என்று கேட்பதும் இதைத்தான். மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கு 'அரியா-பிஸி' பண்பைச் சேர்ப்பதும் உதவும். அசைவைக் குறைக்கும்படி இயங்குதளத்தில் கேட்டிருக்கும் பயனர்களையும் லைப்ரரி பொருட்படுத்துவதில்லை. ஸ்பின்னர் சுழன்றுகொண்டேதான் இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி சேர்த்தால் சரியாகிவிடும் இந்த விஷயம் லைப்ரரியிலேயே இருந்திருக்கலாம்.

சிறு சிறு விஷயங்களும் சில உண்டு. கோட்டின் இசட்-இன்டெக்ஸ் (எது எதன் மேல் தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்யும் எண்) 1031. பூட்ஸ்டிராப் 3 என்ற சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க்கில் உச்சியில் ஒட்டி நிற்கும் மெனுப் பட்டைக்கு 1030 என்பதால், அதற்கு ஒரு படி மேலே நிற்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள் என ஊகிக்கத் தோன்றுகிறது. பக்கத்தின் மேல் எழும் மோடல் பெட்டிகளுக்கு அதே பூட்ஸ்டிராப்பில் இதைவிடப் பெரிய எண்கள்; ஆகவே மோடலுக்குள் 'சேமி' பொத்தானை அழுத்தும்போது ஓடும் கோடு பின்திரைக்கு அடியில் மங்கித் தெரியும். நீல நிற மெனுப் பட்டையின் மேல் நீலக் கோடு தெரியவே தெரியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அப்படியே விடப்பட்ட தளங்கள் இருக்கின்றன.

கோடு சொடுக்குகளைத் தடுப்பதில்லை. இது சரியான முடிவுதான். முழுத் திரையையும் சாம்பல் நிறத்தில் மூடி, நடுவில் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டு, பயனரின் கையைக் கட்டிப்போடும் பழக்கத்தைவிட இது பல மடங்கு மேல். அதே நேரத்தில், பணம் செலுத்தும் பொத்தானை இரண்டு முறை அழுத்துவதை இந்தக் கோடு தடுக்காது என்பதும் நினைவிருக்க வேண்டும். அந்தப் பொத்தானை முடக்கி, அதன்மேலேயே "அனுப்பப்படுகிறது" என்று காட்டுவது தனி வேலை. பொதுவாகவே, பயனரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் குறிகாட்டி இருக்க வேண்டும். நீண்ட படிவத்தின் அடியில் உள்ள பொத்தானை அழுத்துபவர் திரையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இன்னொன்று, நான் மிகவும் ரசித்துப் பார்த்தது. பெரிய தரவுத் தொகுப்பை ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே வரிசைப்படுத்தும்போது பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் உலாவியின் முதன்மை இழை முழுவதும் அதிலேயே மாட்டிக்கொள்கிறது. அப்போது என்ப்ராக்ரஸின் கோடு உறைந்து நிற்கும். அதை நகர்த்துவது டைமரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் அதற்கு முறை வருவதே இல்லை. மூலையில் உள்ள ஸ்பின்னரோ, சிஎஸ்எஸ் அனிமேஷன் என்பதால், பெரும்பாலான உலாவிகளில் முதன்மை இழையைக் கேட்காமலே சுழன்றுகொண்டிருக்கும். ஒரே லைப்ரரியின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று முரணான செய்தியைச் சொல்கின்றன. இதில் உறைந்து நிற்கும் கோடுதான் உண்மையைச் சொல்கிறது. இத்தகைய வேலையைப் பின்னணியில் தனி இழையில் ஓடும் வெப் வொர்க்கருக்கு மாற்றுவதுதான் தீர்வு. குறிகாட்டியை மாற்றுவதில் பயனில்லை.

ஃபிரேம்வொர்க்குகளுடன் பொருத்துவதைப் பொறுத்தவரை, வியூ ஃபிரேம்வொர்க்கில் பக்கங்களுக்கிடையே வழிநடத்தும் வியூ ரவுட்டரில் வழி மாறுவதற்கு முன்னும் பின்னும் ஓடும் கொக்கிகளில் ஒவ்வொரு வரி எழுதினால் முடிந்தது. ரியாக்ட்டின் மேல் எழுதப்பட்ட நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் பழைய பேஜஸ் ரவுட்டரிலும் வழி மாற்றம் தொடங்குவது, முடிவது, பிழையாவது ஆகிய மூன்றுக்கும் நிகழ்வுகள் இருந்தன. அதற்குப் பின் வந்த ஆப் ரவுட்டரில் அந்த நிகழ்வுகள் இல்லை. கோப்புறைக்குள் 'லோடிங்' என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்து, உள்ளடக்கம் வரும் வரை அதைக் காட்டுவதே அங்குள்ள வழக்கம். ரியாக்ட் 18இல் வந்த யூஸ்டிரான்சிஷன், மாற்றம் இன்னும் முடியவில்லை என்பதை ஒரு மாறியில் சொல்லிவிடுவதால், பழைய திரையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கோட்டை ஓட்டுவதற்கு அது பொருத்தமாக இருக்கிறது. அந்தச் சூழலில் இந்த லைப்ரரியே தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை. முப்பது வரி சிஎஸ்எஸ்ஸும் அந்த மாறியும் போதும். ஹெச்டிஎம்எல்லின் ப்ராக்ரஸ் உறுப்புக்கு மதிப்பு எதுவும் கொடுக்காமல் விட்டால், அளவு தெரியாத வேலை நடக்கிறது என்று உலாவியே அசைவுடன் காட்டும். திரை வாசிப்பானும் அதை அறியும். அழகு குறைவுதான், ஆனால் அது பொய்யான சதவீதம் எதையும் காட்டுவதில்லை.

உள்ளடக்கத்தின் வடிவம் முன்கூட்டியே தெரிந்த இடங்களில், பட்டியல் அட்டைகள், சுயவிவரப் பக்கம் போன்றவற்றில், சாம்பல் கட்டங்களால் ஆன எலும்புக்கூட்டுத் திரையையே நான் தேர்ந்தெடுப்பேன். வரும் உள்ளடக்கத்தின் உயரமும் எலும்புக்கூட்டின் உயரமும் ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒத்திராவிட்டால், தரவு வந்ததும் பக்கம் துள்ளி, பயனர் சொடுக்கப்போன இணைப்பு விரலுக்கு அடியிலிருந்து நழுவிவிடும்.

பழைய முறையில் சர்வரிலிருந்து பக்கங்களை வாங்கி ஒட்டும் செயலியோ, தனக்கெனக் குறிகாட்டி இல்லாத ரவுட்டரோ வைத்திருப்பவர்களுக்கு என்ப்ராக்ரஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பொருத்தும்போது ஸ்பின்னரை அணைத்து, தாமத டைமரையும் கோரிக்கை எண்ணியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி, செயலியின் மற்ற பகுதிகள் லைப்ரரியை நேரடியாகத் தொடாமல் அந்தக் கோப்பின் வழியாகவே அழைக்கும்படி செய்துவிடுவது நல்லது. பின்னாளில் வேறொன்றுக்கு மாற நினைத்தால் ஒரே கோப்பை மாற்றினால் போதும்.

சோதிக்கும்போது சொந்தக் கணினியில் ஓடும் சர்வரை நம்ப வேண்டாம். அங்கே எல்லாமே சில மில்லிநொடியில் வந்துவிடுவதால் கோடு தோன்றுவதே தெரியாது. உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து ஒருமுறையும், கோரிக்கை போய்க்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைனுக்கு மாற்றி ஒருமுறையும், பதில் வருவதற்குள் வேறு மூன்று பக்கங்களுக்குத் தாவி ஒருமுறையும் பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனையின் முடிவில் கோரிக்கை எண்ணி பூஜ்ஜியத்தில் இல்லையென்றால், ரத்தான ஏதோ ஒரு கோரிக்கை 'ஃபைனலி'க்கு வராமல் எங்கோ விழுங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.